‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் எது விடுபட்டுப் போகிறது?

அமெரிக்காவில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம் எது என்று கேட்டால், மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 2018 ஆகஸ்டில் புதுப்பித்த சான்றளிப்பின்படி, அந்த இடம் ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் ‘தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975’ என்ற தொகுப்புக்கு உரியது. அதன் கணக்கு 3 கோடியே 80 லட்சம் பிரதிகள். இத்தனை வீடுகளுக்குள் போன அந்தத் தொகுப்பில், ஈகிள்ஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாடலைத் தேடினால் கிடைக்காது. தொகுப்பு வெளிவந்தது 1976 பிப்ரவரியில். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆல்பம் வந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஒரு குழு தன் உச்சத்தைத் தொடுவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே அதன் தலைசிறந்த பாடல்கள் இவைதாம் என்று ஒரு பெட்டி கட்டி விற்பனைக்கு வந்துவிட்டது.

ராக் இசையை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, நெடுநாள் ரசிகர்கள் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது புரியாமல் போகலாம். நல்ல பாடல்களைப் பொறுக்கியெடுத்து ஓரிடத்தில் வைப்பதில் என்ன குறை இருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானதே. அந்தக் குறை என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சில உண்மையான தொகுப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பாடகரோ குழுவோ முன்பே தனித்தனியாக வெளியிட்ட பாடல்களில், நன்றாக விற்றவற்றையும் வானொலியில் அதிகம் ஒலித்தவற்றையும் திரட்டி, இசை நிறுவனம் புதிய அட்டையோடு மறுபடி வெளியிடுவதே கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பு. ஜானி மேத்திஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் 1958ஆம் ஆண்டுத் தொகுப்பை இந்த வகையின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடுவார்கள். அது அமெரிக்காவின் இசைத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 490 வாரங்கள், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல், இடம்பெற்றிருந்தது. பாடல் பதிவுக்கூடச் செலவு ஏதுமில்லை, பாடல்கள் ஏற்கெனவே மக்களிடம் நிலைபெற்றவை, தோல்வி அடையும் வாய்ப்பு குறைவு என்பதால் நிறுவனங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. திரைப்பாடலில் ஊறிய நம் காதுகளுக்குப் பாடல் என்பது தன்னளவில் முழுமையான ஒன்று. படத்தில் அதற்கென்று ஒரு சூழல் இருந்தாலும், கேட்கும்போது அதைத் தனியே எடுத்துக் கேட்டே பழகியிருக்கிறோம். கேசட் கடையில் தாளில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெவ்வேறு படங்களின் பாடல்களை ஒரே கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்குத் தொகுப்பு என்பது இசை கேட்பதற்கான இயல்பான வழியாகவே தோன்றும். அந்தப் பழக்கத்தோடு ராக் இசைக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு, தேர்ந்த ராக் குழுக்கள் பல, பாடலை அல்ல, ஆல்பத்தையே தங்கள் படைப்பின் அலகாகக் கொண்டன.

அதற்கு முன் நிலைமை வேறு. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரு பாடலாக வந்த ‘சிங்கிள்’தான் சந்தையை ஆண்டது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று அளவில் சுழன்ற பெரிய எல்.பி. தட்டு, ஓடிய பாடல்களையும் ஒப்புக்குச் சேர்த்த பாடல்களையும் கலந்து நிரப்பிய ஒரு பையாக இருந்தது. பாப் டிலன், பீட்டில்ஸ், பீச் பாய்ஸ் போன்றோர் எல்.பி.யின் இரண்டு பக்கங்களையும், பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் என்ற அந்த வரம்பையும், ஒரு படைப்புக்கான வடிவமாகவே கையாளத் தொடங்கினார்கள். எந்தப் பாடலில் தொடங்குவது, முதல் பக்கத்தை எந்த உணர்வோடு முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் கேட்பவரை எந்த ஒலி எதிர்கொள்ள வேண்டும் என்றெல்லாம் திட்டமிட்டார்கள். பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ வெளியானபோது அதிலிருந்து ஒரு பாடலைக்கூட அவர்கள் சிங்கிளாக வெளியிடவில்லை என்பதே அந்த மாற்றத்துக்குப் போதிய சான்று. அப்படி வடிவமைத்த ஒன்றிலிருந்து இரண்டு பாடல்களைப் பிய்த்தெடுத்து வேறு எட்டுப் பாடல்களோடு கோக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஈகிள்ஸ் தொகுப்பையே மறுபடி எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பத்துப் பாடல்களில் ‘டெகீலா சன்ரைஸ்’, ‘டெஸ்பராடோ’ ஆகிய இரண்டும் 1973இல் வெளிவந்த ‘டெஸ்பராடோ’ என்ற ஆல்பத்தைச் சேர்ந்தவை. அந்த ஆல்பம் அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியில் வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்துத் திரிந்த டூலின்–டால்டன் கும்பலின் வாழ்வைப் பின்னணியாக வைத்துக் கட்டப்பட்டது. அட்டைப் படத்தில் குழுவினரே துப்பாக்கிகளோடு கொள்ளையர் கோலத்தில் நிற்கிறார்கள். முதல் பாடல் கும்பலின் பெயரையே தாங்கியிருக்கிறது. தனித்துத் திரியும் ஒருவனைப் பார்த்து, பிடிவாதத்தை விட்டு இறங்கி வா என்று கெஞ்சும் ‘டெஸ்பராடோ’ முதல் பக்கத்தின் இறுதியில் வருகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அதே மெட்டு, தொடக்கப் பாடலின் மெட்டோடு பின்னிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு திரும்ப ஒலிக்கிறது. ஆல்பத்தில் அந்த மெட்டை இரண்டாம் முறை கேட்கும்போது, கெஞ்சலுக்குப் பயன் இல்லாமல் போயிற்று என்ற உணர்வு நமக்குள் தானாக எழும். தொகுப்பில் அதே பாடல் ஒரு தனி மனிதனின் காதல் தயக்கத்தைப் பற்றிய மென்மையான பியானோ பாடலாக மட்டும் நிற்கிறது. பாடலில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் யார், யாரிடம், எந்தக் கட்டத்தில் பாடுகிறார் என்பது அழிந்துபோகிறது. இத்தனைக்கும் ‘டெஸ்பராடோ’வை ஈகிள்ஸ் தனி சிங்கிளாக வெளியிட்டதே இல்லை, ‘ஹிட்’ ஆகாத பாடல் ஒன்று ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயருக்குள் வந்து, அந்தத் தொகுப்பின் வழியாகவே மேலும் புகழ்பெற்றது என்பது தனி வேடிக்கை.

இந்தக் குறையை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் குழு பிங்க் ஃபிளாய்ட். 1973இல் வந்த ‘த டார்க் சைடு ஆஃப் த மூன்’ ஆல்பத்தில் பாடல்களுக்கு இடையே இடைவெளியே கிடையாது. பக்கம் திருப்பும் இடத்தைத் தவிர ஒன்றின் வால் அடுத்ததன் தலையாக இருக்கும். முதல் பக்கத்தின் பிற்பகுதியில் ‘டைம்’ வருகிறது. பல கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடித்து நம்மைத் திடுக்கிட வைத்த பிறகு, மெதுவான தாளம் ஒன்று நீண்ட நேரம் நடந்து, பிறகே குரல் நுழைகிறது. இன்னும் காலம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஆண்டுகளைத் தொலைத்தவனின் பாடல் அது. அது முடிந்து, ஆல்பத்தின் தொடக்கத்தில் கேட்ட அமைதியான மெட்டு ஒன்று களைப்போடு வீடு திரும்புவது போலத் திரும்பி வந்து அடங்குகிறது. அடங்கியதும் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்டு ரைட்டின் பியானோ ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’யைத் தொடங்குகிறது. அதில் பாடல் வரிகளே இல்லை. கிளேர் டோரி என்ற பாடகி சொற்களின்றி வெறும் குரலால் அழுகிறார், அலறுகிறார், பின் தணிகிறார். அந்தப் பாடலின் பொருள் மரணம். காலம் கரைந்தது, வீடு திரும்பினான், மரணம் வந்தது என்று ஒரே மூச்சில் செல்லும் இந்தப் பதினொரு நிமிடங்கள்தாம் அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு உயிர்.

2001இல் வெளியான ‘எக்கோஸ்: த பெஸ்ட் ஆஃப் பிங்க் ஃபிளாய்ட்’ என்ற இரட்டை சி.டி. தொகுப்பில் இந்த இரு பாடல்களும் உள்ளன. ஆனால் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ முதல் சி.டி.யிலும் ‘டைம்’ இரண்டாம் சி.டி.யிலும் இருக்கின்றன. மரணம் முன்னால் வந்துவிடுகிறது. காலம் பிறகு கரைகிறது! அந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். பாடல்களை இடைவெளியின்றி இணைத்து, அதற்கும் ஓர் ஓட்டம் தர நிறையவே உழைத்திருக்கிறார்கள். இருந்தும் தொகுப்பின் தலைப்பாகவே அமைந்த ‘எக்கோஸ்’ பாடலை 23 நிமிடங்களுக்கு மேலிருந்து சுமார் 16 நிமிடங்களாகக் குறுக்க வேண்டியிருந்தது. ‘அனிமல்ஸ்’ ஆல்பத்திலுள்ள ‘டாக்ஸ்’ பதினேழு நிமிடப் பாடல் என்பதால் இடமே பெறவில்லை. அந்த ஆல்பத்தின் நடுத்தூண் அதுதான் என்பது என் கருத்து. அதைக் கேட்காமல் 1977ஆம் ஆண்டின் பிங்க் ஃபிளாய்டை ஒருவர் அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

இதே சிதைவு சிறிய அளவில் எங்கும் நடக்கிறது. லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் ஆல்பத்தில் ‘ஹார்ட்பிரேக்கர்’ பாடல் முடிந்த நொடியிலேயே ‘லிவிங் லவிங் மெய்டு’ வெடித்துக் கிளம்பும். அமெரிக்க வானொலி நிலையங்களே இரண்டையும் சேர்த்து ஒலிபரப்புவது வழக்கமாயிற்று. 2007இல் வந்த ‘மதர்ஷிப்’ தொகுப்பில் ‘ஹார்ட்பிரேக்கர்’ முடிந்ததும் ‘இமிக்ரன்ட் சாங்’ வருகிறது. பழகிய காது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தடுக்கி விழும்.

நீளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்; அதை இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிங்கிள் என்பது சுமார் மூன்று நிமிட வடிவம். டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’ 1967இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வானொலியில் ஓடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவான வடிவம். ஆல்பத்தில் அந்தப் பாடல் ஏறத்தாழ ஏழு நிமிடம். வெட்டியெறிந்தது முழுக்க முழுக்க நடுவிலுள்ள ஆர்கன், கிதார் வாசிப்புகளை. அந்த வாசிப்புதான் பாடல் என்று கருதும் ரசிகர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். ஜெத்ரோ டல் குழுவின் கதை இன்னும் விநோதமானது. 1972இல் அவர்கள் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ ஆல்பத்தில் மொத்தம் ஒரே ஒரு பாடல்தான் இருக்கிறது. அது முதல் பக்கத்தில் தொடங்கி, தட்டைத் திருப்பிப் போட்ட பிறகும் தொடர்ந்து, நாற்பது நிமிடங்களைத் தாண்டி முடிகிறது. 1976இல் அவர்களின் சிறந்த பாடல்களைத் தொகுத்தபோது அதிலிருந்து மூன்று நிமிடத் துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். கோபுரத்தின் ஒரு பொம்மையைப் பெயர்த்து வந்து கொலுவில் வைத்ததைப் போன்றது அது.

இனி, பாடல்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விக்கு வருவோம். புதிய ரசிகர் பெரும்பாலும் குழுவினரே அமர்ந்து தங்கள் சிறந்த பாடல்களைப் பொறுக்கியிருப்பார்கள் என்று எண்ணுகிறார். சில வேளைகளில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் பதிவு செய்யப்பட்ட ஒலியின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே தொகுப்பின் கடிவாளமும் இருக்கிறது. ரேடியோஹெட் குழு தன் பழைய நிறுவனத்தை விட்டு விலகி, 2007 அக்டோபரில் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை, விரும்பிய விலையைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் தானே வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்தப் பழைய நிறுவனமான ஈ.எம்.ஐ. ‘ரேடியோஹெட்: த பெஸ்ட் ஆஃப்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. குழுவுக்கு அதில் பங்கில்லை. அவர்களின் சமீபத்திய ஆல்பத்திலிருந்து ஒரு பாடலும் அதில் இல்லை. ஒரு குழுவின் ‘மிகச் சிறந்தவை’ எந்த ஆண்டோடு முடிகின்றன என்பதை அங்கே முடிவு செய்தது ஓர் ஒப்பந்தப் பத்திரம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்கள் இதைப் பல பத்தாண்டுகள் அனுபவித்தவர்கள். அந்தக் குழுவின் 1960களின் பதிவுகள் அவர்களுடைய முன்னாள் மேலாளர் ஆலன் கிளைனின் நிறுவனத்திடம் சிக்கிக்கொண்டன. 1971க்குப் பிந்தையவை குழுவிடம் இருந்தன. எனவே ‘சாடிஸ்ஃபாக்ஷன்’ இருக்கும் தொகுப்பில் ‘ஸ்டார்ட் மீ அப்’ இருக்காது. ‘ஸ்டார்ட் மீ அப்’ இருப்பதில் ‘சாடிஸ்ஃபாக்ஷன்’ இருக்காது. இரண்டு தரப்பும் உடன்பட்டு, குழுவின் முழுக் காலத்தையும் தழுவிய ‘ஃபார்ட்டி லிக்ஸ்’ வெளிவர 2002 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிங்க் ஃபிளாய்டுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. 1981இல் ‘எ கலெக்ஷன் ஆஃப் கிரேட் டான்ஸ் சாங்ஸ்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. பெயரைப் பார்த்து ஆடத் தயாராக வேண்டாம். ஆட முடியாத பாடல்களுக்கு வைத்த கிண்டல் பெயர் அது. அமெரிக்காவில் அப்போது அவர்களை வெளியிட்டுவந்தது கொலம்பியா நிறுவனம். ‘த டார்க் சைடு ஆஃப் த மூன்’ உரிமையோ கேப்பிட்டல் நிறுவனத்திடம் இருந்தது. ‘மணி’ பாடலைத் தர கேப்பிட்டல் மறுத்துவிட்டது. அதனால் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் அந்தப் பாடலின் பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்து, தாமே பாடி, மறுபடி பதிவு செய்தார். சாக்ஸஃபோனுக்கு மட்டும் மூலப் பதிவில் வாசித்த டிக் பேரியையே அழைத்துக்கொண்டார். ஆக, அந்தத் தொகுப்பில் இருப்பது மக்கள் விரும்பி வாங்கிய ‘மணி’ அல்ல. அதைப் போலச் செய்த இன்னொன்று. அதே தட்டில், ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைத் திறந்து மூடும் இரு கதவுகளாக மொத்தம் சுமார் 26 நிமிடம் நீளும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’, பத்து நிமிடச் சொச்சமாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது.

தேர்வுக்கான அளவுகோலும் சிந்திக்க வேண்டிய ஒன்று. ‘ஹிட்’ என்பது குறிப்பிட்ட ஒரு வாரத்தில், குறிப்பிட்ட ஒரு நாட்டில், எத்தனை சிங்கிள் தட்டுகள் விற்றன, வானொலியில் எவ்வளவு ஒலித்தன என்ற கணக்கு. பீட்டில்ஸின் ‘1’ என்ற 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு இந்த அளவுகோலை ஒளிவுமறைவின்றிக் கையாண்டது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ முதலிடம் பிடித்த 27 பாடல்கள் மட்டுமே அதில் உண்டு. ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ ஆகிய இரண்டும் 1967இல் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாக வந்தவை. பிரிட்டனில் அந்தத் தட்டு இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் ‘பென்னி லேன்’ மட்டும் முதலிடம் போனது. ஆகவே ‘பென்னி லேன்’ தொகுப்புக்குள் வந்தது. ராக் இசையின் பதிவுமுறையையே மாற்றியதாகக் கருதப்படும் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ வெளியே நின்றது. குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியவற்றில் ‘சம்திங்’ ஒன்றுக்கு மட்டுமே 27இல் இடம். அவருடைய ‘ஹியர் கம்ஸ் த சன்’ அந்த நாடுகளில் சிங்கிளாக வராததால் பட்டியலில் ஏற வழியே இருக்கவில்லை. அந்தப் பாடல்தான் 2023இல் ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி முறை கேட்கப்பட்ட முதல் பீட்டில்ஸ் பாடலாயிற்று. அன்றைய கடைக் கணக்கும் இன்றைய காதுகளின் கணக்கும் எவ்வளவு தூரம் விலகிப்போகலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் புதிய ரசிகருக்கு நேரும் இழப்புகள். நெடுநாள் ரசிகருக்கு இன்னொரு குறை உண்டு. அது பர்ஸைத் தொடுவது. அவரிடம் எல்லா ஆல்பங்களும் ஏற்கெனவே இருக்கின்றன என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அவரையும் வாங்க வைக்க, வேறெங்கும் கிடைக்காத புதிய பாடல் ஒன்றைத் தொகுப்பில் செருகிவிடுவார்கள். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் அப்படி வந்த ‘மேரி ஜேன்ஸ் லாஸ்ட் டான்ஸ்’ அவருடைய மிகச் சிறந்த பாடல்களில் ஒன்றாகிவிட்டதால் யாரும் பெரிதாகக் குறைசொல்வதில்லை. நிர்வாணா குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பு மனத்தை இன்னும் சங்கடப்படுத்தியது. அதன் பாடகர் கர்ட் கோபேன் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1994 ஜனவரியில், குழு கடைசியாகப் பதிவு செய்த ‘யூ நோ யூ ஆர் ரைட்’ பாடல் நீண்ட சட்டத் தகராறுக்குப் பிறகு அதில்தான் வெளிவந்தது. அந்த ஒரு பாடலுக்காக, மனப்பாடமாகத் தெரிந்த மற்ற அத்தனை பாடல்களையும் ரசிகர்கள் மறுபடி காசு கொடுத்து வாங்கினார்கள். இணையத்தில் தனிப் பாடலாகக் கேட்க முடிகிற இன்றைய தலைமுறைக்கு இந்தக் கோபம் புரிவது கடினம்தான்.

இப்படிச் சொல்வதால் எல்லாத் தொகுப்புகளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. 1960களின் பிரிட்டனில் சிங்கிளாக வந்த பாடலை ஆல்பத்தில் சேர்க்காமல் விடுவது பரவலான வழக்கம். ஒரே பாடலுக்கு ரசிகரிடம் இருமுறை காசு வாங்குவது முறையன்று என்ற எண்ணமும் அதன் பின்னால் இருந்தது. அதனால் த ஹூ குழுவின் ‘ஐ கான்ட் எக்ஸ்பிளெய்ன்’, ‘சப்ஸ்டிடியூட்’ போன்ற பாடல்களுக்கு அங்கே வீடாக அமைந்த ஆல்பமே இல்லை. அவற்றைத் திரட்டிய 1971ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘மீட்டி பீட்டி பிக் அண்ட் பவுன்சி’ தீவிர ரசிகர்களாலும் ஓர் அசல் ஆல்பத்துக்கு இணையாக மதிக்கப்படுகிறது. பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லாத பாடல். அப்படிப்பட்டவற்றை ஒன்றுசேர்த்த ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ இல்லாமல் அவர்களின் தொகுதி நிறைவடையாது. மூன்று நிமிடப் பாடலையே தன் கலையாகக் கொண்ட குழுவுக்குத் தொகுப்பு பொருந்துகிறது. நாற்பது நிமிடத்தைக் கலையாகக் கொண்ட குழுவுக்குப் பொருந்துவதில்லை. தொகுப்பை வாங்குவதற்கு முன் அந்தக் குழு இந்த இரண்டில் எந்த இனம் என்று பார்த்துக்கொள்வது பயன் தரும்.

தொகுப்பின் வழியாக வந்த புதியவர்களை ஏளனமாகப் பார்க்கும் ரசிகர்களும் உண்டு. அந்த மனப்பான்மை எனக்குப் பிடிப்பதில்லை, ஏனெனில் நானும் அந்த வழியாக வந்தவன்தான். குவீன் குழு எனக்கு அறிமுகமானது அவர்களின் 1981ஆம் ஆண்டு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ மூலம். பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம் அது. 2022இல் அங்கே 70 லட்சத்தைத் தாண்டிய முதல் ஆல்பமும் அதுவே. பதினேழு பாடல்களில் ஒன்றுகூட மோசமில்லை. இருந்தும் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் படிந்திருந்த குவீன் ஒரு கோணல் குவீன். அவர்களின் முதல் ஆல்பத்திலிருந்து அதில் ஒரு பாடலும் இல்லை. வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் என்று இரு பகுதிகளாகக் கட்டிய இரண்டாம் ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாடல். தொகுப்பை நிறைவுசெய்யும் ‘வீ வில் ராக் யூ’, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ ஆகிய இரண்டும் ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்கள் என்று தெரிந்த நாளில், பந்தியில் பாயசத்தை முதலில் பரிமாறிவிட்டார்களே என்று திகைத்தேன். நாட்டுக்கு நாடு பட்டியல் மாறியதும் உண்டு. 1992இல் அமெரிக்காவில் வெளியான குவீன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் ‘பொஹீமியன் ராப்சடி’யே கிடையாது. அந்தப் பாடல் அதற்குச் சற்று முன் வந்த வேறொரு தொகுப்பில் சேர்ந்துவிட்டதே காரணம்.

பிரிட்டிஷ் தொகுப்பிலோ அதுதான் முதல் பாடல். ஒட்டுத் தொடர்பில்லாத பகுதிகளாக, நடுவில் ஓபெரா பாணிக் கூட்டுக்குரல்களோடு, ஆறு நிமிடம் ஓடும் அந்தப் பாடல் அங்கே வானத்திலிருந்து விழுந்த விந்தையைப் போலத் தோன்றும். அது பிறந்த இடமான 1975ஆம் ஆண்டின் ‘எ நைட் அட் தி ஓபெரா’ ஆல்பத்தில் கேட்டால் வேறு சங்கதி. அங்கே அதற்கு முன்னால் பத்துப் பாடல்கள் வருகின்றன. ‘சீசைடு ராண்டெவூ’வில் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் காற்றுக் கருவிகளின் ஒலியை வாயாலேயே எழுப்பி விளையாடுகிறார்கள். ‘குட் கம்பெனி’யில் கிதார் கலைஞர் பிரையன் மே ஒரு முழு ஜாஸ் குழுவைத் தன் கிதாரில் வரவழைக்கிறார். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் ‘த பிராஃபெட்ஸ் சாங்’ எட்டு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. அதன் நடுவில் கருவிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, மெர்க்குரியின் ஒற்றைக் குரல் தன் எதிரொலியோடு தானே சேர்ந்து பாடி, குரல்மேல் குரலாக அடுக்கிக்கொண்டே போகிறது. அதன் வால் அப்படியே ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாடலின் பியானோவில் கரைகிறது. இங்கே பெயர் சொன்ன இந்த நான்கில் ஒன்றுகூட அந்தப் பதினேழில் இல்லை. இவற்றை வரிசையாகக் கடந்து, ஆல்பத்தின் பதினோராவது பாடலாக ‘பொஹீமியன் ராப்சடி’யை வந்தடையும்போது, அதிலுள்ள ஒவ்வொரு தந்திரமும் நமக்கு முன்பே ஒத்திகை காட்டப்பட்டது என்பது புரியும். கடைசியில் ‘காங்’ என்ற பெரிய உலோகத் தட்டின் ஒலி தேய்ந்து அடங்குகிறது. அடுத்ததாக, பிரையன் மே தன் கிதாரை அடுக்கடுக்காகப் பதிந்து வாசித்த பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஒலித்து, காட்சி முடிந்து திரை இறங்குவதைப் போல ஆல்பத்தை மூடுகிறது. தொகுப்பில் அந்தக் காங் ஒலி அடங்கியதும் கேட்பது ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’.